கருந்துளைக்கு மறதி உண்டா?

ராத்திரி முழுக்கக் கண் விழிச்சு ஒரு லவ் லெட்டர் எழுதறீங்க. விடிஞ்சதும் தைரியம் போயிடுது. மொட்டை மாடிக்குப் போய், தீக்குச்சியைக் கிழிச்சு, லெட்டரை எரிச்சிடறீங்க. புகை மேலே போச்சு. சாம்பல் காத்துல பறந்துச்சு. இப்ப சொல்லுங்க... அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்தீங்க என்கிற விஷயம் இந்தப் பிரபஞ்சத்தை விட்டே அழிஞ்சிடுச்சா?

'ஆமா, தப்பிச்சோம்டா சாமி!' என்பீர்கள். ஆனால், இயற்பியல் அவ்வளவு சுலபமா உங்களை விடாது பாஸ்!

புகையில் பறந்த ஒவ்வொரு மூலக்கூறும் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போனது? சாம்பல் துணுக்கு ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது? தீயிலிருந்து கிளம்பிய ஒளி எந்தப் பக்கம் போனது? இத்தனையையும் ஒன்று விடாமல் சேகரித்து, இயற்பியல் விதிகளைப் பின்னோக்கி ஓட்டினால், லெட்டர் எழுத்து மாறாமல் திரும்பி வரும். நடைமுறையில் எந்தக் கொம்பனாலும் முடியாது. ஆனால், கொள்கை அளவில் முடியும். விஞ்ஞானிகள் 'தகவல்' என்று சொல்வது இதைத்தான். தகவல் சிதறும், கலையும், படிக்கவே முடியாத அளவுக்குக் குழம்பும். ஆனால், அழியாது.

குவாண்டம் இயற்பியல் நிற்பதே இந்த நம்பிக்கையின் மேல்தான். இரண்டு வேறு வேறு ஆரம்பங்கள் ஒரே முடிவில் வந்து நிற்கக் கூடாது. அப்படி நின்றால், முடிவைப் பார்த்து ஆரம்பத்தைச் சொல்ல முடியாது. நேற்று என்று ஒன்று நடந்ததற்கான தடயமே இல்லாமல் போய்விடும்.

சரி, இப்போது அதே லெட்டரை எரிக்காமல் ஒரு கருந்துளைக்குள் வீசினால்? 1976-ல் இந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் சொன்ன பதில், கிட்டத்தட்ட 50 வருஷமாக உலகத்தின் பெரிய பெரிய மூளைகளைத் தூங்கவிடாமல் அடித்தது. அந்த மனிதர், ஸ்டீபன் ஹாக்கிங்.

கப்பலில் போட்ட கணக்கு

ஹாக்கிங்குக்கு முன்னால் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தரைப் பார்த்துவிடுவோம். 1930-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார் சந்திரசேகர். வயது 19. கப்பலில் பொழுதுபோக வேண்டுமே... ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் 'வெள்ளைக் குள்ளன்' ஆகச் சுருங்கி நிற்கும் என்று அப்போது நம்பினார்கள். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் அப்படி நிற்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும் என்றது சந்திரசேகரின் கணக்கு.

1935-ல் பெரிய விஞ்ஞானி எடிங்டன் லண்டனில், சபை நடுவே இதைக் கிண்டலடித்தார். ஆனால், கணக்கு ஜெயித்தது. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் வந்தது.

போதுமான எடை உள்ள நட்சத்திரம் கடைசியில் கருந்துளை ஆகிறது. சூரியனை அப்படியே நசுக்கிக் கருந்துளை ஆக்க வேண்டுமானால், அதன் ஆரத்தை 3 கிலோமீட்டருக்குள் அடக்க வேண்டும். பூமி என்றால் வெறும் 9 மில்லிமீட்டர்; ஒரு கோலிக்குண்டு சைஸ்! கருந்துளையைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு உண்டு. அதன் பெயர் 'ஈவென்ட் ஹொரைஸன்', தமிழில் நிகழ்வெல்லை. அதைத் தாண்டி உள்ளே போன எதுவும், ஒளிகூட, திரும்பி வராது.

2019 ஏப்ரல் 10 அன்று எம்87 என்ற கேலக்ஸியின் நடுவில் உள்ள கருந்துளையின் நிழலைப் படமாக வெளியிட்டார்களே, ஞாபகம் இருக்கா? மெதுவடை மாதிரி, ஆரஞ்சு வளையம்! அதன் எடை சுமார் 650 கோடி சூரியன்கள்.

இதில் ஒரு வேடிக்கை... வெளியிலிருந்து பார்த்தால், கருந்துளையைப் பற்றி மூன்றே விஷயங்கள்தான் தெரியும். எடை, சுழற்சி, மின்னூட்டம். உள்ளே விழுந்தது லவ் லெட்டரா, ஃபிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டா என்று சொல்லவே முடியாது. 'கருந்துளைக்கு முடி இல்லை' என்று இதைக் கேலியாகச் சொன்னார் அமெரிக்க விஞ்ஞானி ஜான் வீலர். மொட்டைத் தலையில் என்ன அடையாளம் தேடுவது என்ற அர்த்தத்தில்!

ஒரு கப் டீயும் ஒரு மாணவனும்

அந்த வீலரிடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் இருந்தார். பெயர், ஜேக்கப் பெகன்ஸ்டைன். ஒரு நாள் வீலர் அவரிடம் வம்புக்கு இழுத்தார். 'சூடான டீயையும் ஆறின டீயையும் கலந்தால் பிரபஞ்சத்தில் குழப்பத்தைக் கூட்டிய பாவம் எனக்கு வரும். ஆனால், அந்தக் கப்பைத் தூக்கிக் கருந்துளைக்குள் போட்டுவிட்டால் சாட்சியே இருக்காதே?' இதுதான் வம்பின் சாரம்.

அந்தக் குழப்பத்தின் அளவுக்குப் பெயர் என்ட்ரோபி. அது ஒருபோதும் மொத்தத்தில் குறையாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. கருந்துளை அதை விழுங்கி ஏப்பம் விடுமா?

பெகன்ஸ்டைன் யோசித்து வந்து சொன்ன பதில் துணிச்சலானது. 'இல்லை சார், கருந்துளைக்கே என்ட்ரோபி உண்டு. அதன் நிகழ்வெல்லையின் பரப்பளவுதான் அந்த அளவு.' இதை அவர் 1972-ல் எழுதியபோது வயது 25.

ஹாக்கிங்குக்கு இது பிடிக்கவில்லை. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு வர வேண்டும். கருந்துளையிலிருந்துதான் எதுவுமே வராதே! அப்புறம், நிகழ்வெல்லைக்குப் பக்கத்தில் குவாண்டம் விதிகள் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை வந்தது. அதிர்ந்துபோனார். கருந்துளை நிஜமாகவே கதிர்வீசுகிறது! 1974-ல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வெளியானது.

இந்தக் கதிர்வீச்சை விளக்க ஒரு சித்திரம் சொல்வார்கள். வெற்றிடம் என்பது வெறுமை அல்ல; அங்கே ஜோடி ஜோடியாகத் துகள்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன. நிகழ்வெல்லையின் ஓரத்தில் ஒரு ஜோடி தோன்றினால், ஒன்று உள்ளே விழுந்துவிட, மற்றது தப்பி ஓடிவிடுகிறது. ஓடியதன் ஆற்றலுக்கான பில், கருந்துளையின் எடையில் கழிக்கப்படுகிறது. சுருங்கச் சொன்ன சித்திரம்தான் இது. அசல் கணக்கு இதைவிட நுட்பமானது. ஆனாலும், இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஜோடிகள் ஒன்றோடொன்று 'பிணைந்தவை'. இதுதான் பின்னால் வில்லங்கம் பண்ணப்போகிறது.

எடை கழிந்துகொண்டே போனால்? கருந்துளை ஆவியாகி, கடைசியில் காணாமலே போய்விடும். அவசரமில்லை. சூரிய எடை கொண்ட ஒரு கருந்துளை ஆவியாக, 1-க்குப் பின்னால் 67 சைபர் போட்டால் வரும் வருஷங்களுக்கும் மேல் ஆகும். பிரபஞ்சத்தின் இன்றைய வயதே சுமார் 1,380 கோடி வருஷம்தான்!

வில்லங்கம் இதுதான்

ஹாக்கிங் கணக்குப்படி, வெளியே வரும் கதிர்வீச்சின் வெப்பநிலையை முடிவு செய்வது கருந்துளையின் எடையும், சுழற்சியும், மின்னூட்டமும்தான். உள்ளே என்ன விழுந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. லவ் லெட்டர் விழுந்தாலும் அதே கதிர்வீச்சு. அதே எடைக்கு வெத்துப் பேப்பர் விழுந்தாலும் அதே கதிர்வீச்சு.

கருந்துளை இருக்கும்வரை பிரச்னை இல்லை. 'லெட்டர் உள்ளே பத்திரமா இருக்கு, நமக்குத்தான் சாவி இல்லை' என்று சமாளிக்கலாம். ஆனால், கருந்துளையே ஆவியாகிவிட்டால்? பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை, லெட்டரும் இல்லை. மிச்சம், எதையும் சொல்லாத வெறும் வெப்பம்.

1976-ல் ஹாக்கிங் நேரடியாகவே சொன்னார்: கருந்துளை தகவலை நிஜமாகவே அழிக்கிறது. குவாண்டம் இயற்பியல்தான் தன் விதியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

'சரி, கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கும். ஈர்ப்பு விசைக்கும் குவாண்டம் கொள்கைக்கும் சேர்த்து ஒரு முழுமையான தியரி, அதுதாங்க குவான்டம் கிராவிட்டி, அது இன்னும் கைக்கு வரலையே... அது வந்தா சரியாகிடும்' என்று உங்களுக்குத் தோன்றலாம். பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், இங்கேதான் சிக்கலின் உச்சம்.

குவான்டம் கிராவிட்டி தன் வேலையைக் காட்ட வேண்டியது மிக மிகச் சின்ன அளவுகளில். ஒரு மீட்டரை 1-க்குப் பின் 35 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வருமே, அந்த அளவில். 'பிளாங்க் நீளம்' என்று அதற்குப் பெயர். ஆனால், பெரிய கருந்துளையின் நிகழ்வெல்லையில் நிலைமை ரொம்ப சாது. எம்87 மாதிரி ஒரு கருந்துளையின் எல்லையைத் தாண்டினால், ஐன்ஸ்டீனின் தியரிப்படி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு உலுக்கல்கூட இருக்காது. அங்கே தெரிந்த விதிகளே போதும். அந்தத் தெரிந்த விதிகளை வைத்துத்தான் ஹாக்கிங் கணக்குப் போட்டார்.

கருந்துளை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு தூசியைவிடச் சின்னதாகி, எடை 1 கிராமில் சுமார் 50,000-ல் ஒரு பங்கு ஆகும்போதுதான் குவான்டம் கிராவிட்டி கதவைத் தட்டும். நம் பழைய சினிமா போலீஸ் மாதிரி... எல்லாம் முடிந்த பிறகு! அதற்குள் கருந்துளையின் எடை அத்தனையும் வெளியே போயாச்சு. மிச்சம் இருக்கும் துணுக்கில் எவ்வளவு தகவலைத் திணிக்க முடியும்?

பந்தயம் கட்டலாமா?

ஹாக்கிங்கை எதிர்த்துக் களமிறங்கியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் லியோனார்ட் சஸ்கிண்டும், நெதர்லாந்தின் ஜெரார்ட் டூஃப்டும். 'குவாண்டம் விதியில் கைவைத்தால் இயற்பியல் மொத்தமும் சரியும்' என்பது அவர்கள் கட்சி.

1997 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவில் ஒரு பந்தயம் எழுத்தில் பதிவானது. 'தகவல் அழியும்' என்று ஹாக்கிங்கும் கிப் தார்னும் ஒரு பக்கம். 'அழியாது' என்று ஜான் ப்ரெஸ்கில் இன்னொரு பக்கம். தோற்றவர் ஜெயித்தவருக்கு, அவர் விரும்பும் ஒரு என்சைக்ளோபீடியா வாங்கித் தர வேண்டும். அதிலிருந்தாவது தகவலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே!

அதே 1997-ன் கடைசியில், அர்ஜென்டினாவிலிருந்து வந்த 29 வயது ஹுவான் மல்டசேனா ஒரு குண்டைப் போட்டார். ஒரு குறிப்பிட்ட வகைப் பிரபஞ்சத்தில், உள்ளே ஈர்ப்பு விசையோடு நடக்கும் எல்லாவற்றையும், அதன் விளிம்பில் ஈர்ப்பே இல்லாத ஒரு சாதாரண குவாண்டம் தியரியாக மொழிபெயர்க்க முடியும் என்று காட்டினார். சாதாரண குவாண்டம் தியரியில் தகவல் அழியாது. அப்படியானால், அதன் மொழிபெயர்ப்பான கருந்துளைக்குள்ளும் அழியக் கூடாது! இது முழு நிரூபணம் அல்ல. ஆனால், சோதித்த இடங்களில் எல்லாம் பொருந்தியது. காற்று திசை மாறியது.

2004 ஜூலையில், டப்ளின் நகரில் நடந்த மாநாட்டில் ஹாக்கிங் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். ப்ரெஸ்கில் கேட்டபடி ஒரு பேஸ்பால் என்சைக்ளோபீடியா அவருக்குக் கிடைத்தது. ஆனால், கூட்டாளி கிப் தார்ன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இதில் காமெடி என்னவென்றால், ஜெயித்த ப்ரெஸ்கிலே, ஹாக்கிங் சொன்ன காரணம் தனக்கு முழுசாகப் புரியவில்லை என்றார்! 'அழியாது' என்று தீர்ப்பு வந்துவிட்டது. எப்படி வெளியே வருகிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

பாதி வழியில் ஒரு திருப்பம்

இங்கே இன்னொரு மனிதரைக் கவனிக்க வேண்டும். டான் பேஜ். ஒரு காலத்தில் ஹாக்கிங்கின் வீட்டிலேயே தங்கி அவரோடு வேலை செய்தவர். 1993-ல் அவர் ஒரு எளிமையான கேள்வி கேட்டார். தகவல் வெளியே வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்போது வர ஆரம்பிக்க வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள, வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை மட்டும் பார்த்தால் என்ன கோலம் என்று தெரியாது. கோலம் புள்ளியில் இல்லை; புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் இழையில் இருக்கிறது. ஹாக்கிங் கதிர்வீச்சின் ஒவ்வொரு துகளும் ஒரு புள்ளி. ஆரம்பத்தில் வெளியே வரும் துகள்களின் இழைகள் எல்லாம் உள்ளே விழுந்த ஜோடிகளோடுதான் பிணைந்திருக்கின்றன. வெளியே நிற்கும் நமக்கு வெறும் புள்ளிகள் மட்டுமே தெரியும்.

வெளியே புள்ளிகள் பெருகப் பெருக, உள்ளோடு போகும் இழைகளும் பெருகும். ஆனால், கருந்துளை சுருங்கிக்கொண்டே வருகிறதே! பெகன்ஸ்டைன் சொன்னபடி, அதன் பரப்பளவு எவ்வளவோ அவ்வளவு இழைகளைத்தான் அது தாங்கும். சுமார் பாதி வழியில் அந்தக் கொள்ளளவு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் புதிய துகள்கள், முன்பே வெளியே போன பழைய துகள்களோடு பிணைய ஆரம்பித்தே ஆக வேண்டும். அப்போதுதான் வெளியே கோலம் உருவாகத் தொடங்கும். உள்ளோடு உள்ள பிணைப்பின் அளவை கிராஃப் போட்டால், மலை மாதிரி ஏறி, பிறகு இறங்கும். இதுதான் 'பேஜ் வளைவு'.

ஹாக்கிங் கணக்கில் இந்த வளைவு இறங்கவே இறங்காது, ஏறிக்கொண்டே போகும். மோதல் கடைசி நிமிஷத்தில் இல்லை பாஸ், பாதியிலேயே வந்துவிட்டது! அப்போது கருந்துளை இன்னும் பிரம்மாண்டமாகவே இருக்கும். 'கடைசியில் குவான்டம் கிராவிட்டி வந்து காப்பாத்தும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய அடி.

சின்னத் திருத்தம் போட்டுச் சமாளிக்கலாமா? 'துகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி மாற்றம், மொத்தத்தில் சரியாகிவிடும்' என்றால்? அதையும் 2009-ல் ஒருவர் கணக்குப் போட்டு மறுத்தார். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சமீர் மாத்தூர். துளித்துளித் திருத்தங்கள் எத்தனை சேர்ந்தாலும் வளைவு இறங்காது. நிகழ்வெல்லையில் பெரிய மாற்றம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றார். கருந்துளை என்பது நடுவில் வெற்று ஓட்டை அல்ல, ஸ்டிரிங்குகளால் ஆன ஒரு நூல்கண்டு மாதிரியானது என்பது அவர் முன்வைக்கும் தீர்வு.

2012-ல் சிக்கல் இன்னும் இறுகியது. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் அல்மேரி, சல்லி என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும், மரோல்ஃப், போல்சின்ஸ்கி என்ற இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து ஒரு கேள்வி எழுப்பினார்கள். குவாண்டம் பிணைப்பில் டபுள் கேம் செல்லாது. ஒரு துகள் ஒன்றோடு முழுசாகப் பிணைந்துவிட்டால், இன்னொன்றோடு பிணைய முடியாது. பாதி வழிக்கு அப்புறம் வரும் துகள், பழைய துகளோடு பிணைய வேண்டும் என்கிறார் பேஜ். உள்ளே விழுந்த ஜோடியோடு பிணைந்திருந்தால்தான் நிகழ்வெல்லை சாதுவாக இருக்கும் என்கிறார் ஐன்ஸ்டீன். இரண்டும் சேர்ந்து நடக்காது. உள்ளே உள்ள பிணைப்பை அறுத்தால்? நிகழ்வெல்லையில் ஒரு நெருப்புச் சுவர் எழும், தாண்டுகிறவர் சாம்பல்தான்! 'ஃபயர்வால்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். குவாண்டம் விதியா, ஐன்ஸ்டீனா? ஒன்றை விடுங்க என்று கழுத்தில் கத்தி.

2019: வளைவு இறங்கியது!

2018 மார்ச் 14 அன்று ஹாக்கிங் காலமானார். கடைசி வருஷங்கள்வரை இந்தப் புதிரை அவர் விடவில்லை. 'கருந்துளைக்கு மெல்லிய முடி இருக்கலாம்' என்று 2016-ல்கூட மால்கம் பெர்ரி, ஆண்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சர் இருவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

அவர் போய் ஒரு வருஷம் தாண்டிய நிலையில், 2019 மே மாதம் இரண்டு கட்டுரைகள் ஒரே சமயத்தில் வெளியாயின. ஒன்று, ஸ்டான்ஃபோர்டில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜெஃப் பெனிங்டன் தனியாக எழுதியது. இன்னொன்று, அல்மேரி, நெட்டா எங்கல்ஹார்ட், மரோல்ஃப், மாக்ஸ்ஃபீல்ட் எழுதியது. இரண்டிலும் ஒரே செய்தி. ஈர்ப்பு விசையின் கணக்கைச் சரியாகப் போட்டால், பேஜ் வளைவு தானாகவே இறங்குகிறது!

எப்படி? பாதி வழிக்கு அப்புறம், கருந்துளையின் உள்பகுதியில் ஒரு பெரிய துண்டை 'உள்ளே' என்று கணக்கு வைக்கக் கூடாது. வெளியே போன கதிர்வீச்சின் சொத்தாகக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது சூத்திரம். 'தீவு' என்று அதற்குப் பெயர். கடலுக்கு நடுவே இருந்தாலும் இன்னொரு நாட்டுக்குச் சொந்தமான தீவு மாதிரி. அதே வருஷக் கடைசியில், இந்தத் தீவு எங்கிருந்து வருகிறது என்பதையும் இரண்டு குழுக்கள் காட்டின. குவான்டம் கிராவிட்டியில் கால-வெளி எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் கூட்ட வேண்டும். ஹாக்கிங் அதில் ஒரே ஒரு வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். விட்டுப்போன வடிவங்களில் சில, 'வார்ம்ஹோல்' எனப்படும் குறுக்கு வழிகள். ஆரம்பத்தில் அவற்றின் பங்கு பொருட்படுத்த முடியாத அளவுக்குச் சின்னது. பாதி வழிக்கு அப்புறம் அவைதான் ஹீரோ!

அப்போ கதை சுபமா?

'அப்பாடா, முடிஞ்சுது' என்று எழுந்துவிடாதீங்க. மூன்று பெரிய ஓட்டைகள் மிச்சம் இருக்கின்றன.

முதலாவது, இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை எளிமையாக்கப்பட்ட மாதிரிப் பிரபஞ்சங்களில் போடப்பட்டவை. கருந்துளையின் பக்கத்தில், ஈர்ப்பே இல்லாத ஒரு 'தொட்டி'யை வைத்து, கதிர்வீச்சை அதில் பிடிக்கிறார்கள். நம் பிரபஞ்சத்தில் ஈர்ப்பு இல்லாத இடம் ஏது? 2021-ல் இந்தக் கேள்வியை எழுப்பிய குழுவில் ஒருவர், பெங்களூரு ஐ.சி.டி.எஸ். ஆய்வு மையத்தின் சுவ்ரத் ராஜு.

அவரும், சென்னையை அடுத்த சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்டின் அலோக் லட்டாவும் இன்னும் இருவரும் சேர்ந்து 2020-ல் எழுதிய கட்டுரை, புதிரையே வேறு கோணத்தில் திருப்புகிறது. லெட்டரை பீரோவில் வைத்துப் பூட்டினால் வெளியே தெரியாது. ஆனால், ஈர்ப்பைப் பூட்டி வைக்கும் பீரோ கிடையாது. குவான்டம் கிராவிட்டியில், வெகு தூரத்தில் உள்ள ஈர்ப்புப் புலத்தை மிக நுட்பமாக அளந்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும் என்பது இவர்கள் வாதம். அப்படியானால், தகவல் உள்ளேயிருந்து 'தப்பித்து' வரவேண்டிய அவசியமே இல்லை. அது எப்போதுமே வெளியேயும் இருந்தது!

இரண்டாவது ஓட்டை. வளைவு இறங்குகிறது என்பது சரி. ஆனால், லெட்டரின் ஒவ்வொரு எழுத்தும் எந்த வழியாக, எந்தத் துகளில் ஏறி வெளியே வருகிறது? அதை யாராலும் படிப்படியாகச் சொல்ல முடியவில்லை. விடைத்தாளில் ஆன்ஸர் சரி, ஸ்டெப்ஸ் இல்லை. மார்க் போடுவாங்களா?

வேறு வழியில் நடப்பவர்களும் உண்டு. இந்தியாவில் பிறந்த அபய் அஷ்டேகர் வித்திட்ட 'லூப் குவான்டம் கிராவிட்டி'யைப் பின்பற்றுகிறவர்களில் சிலர், கருந்துளை முழுசாக மறையாது, கடைசியில் உதைத்துத் திரும்பி 'வெண்துளை' ஆகி, உள்ளே இருப்பதை மெல்ல மெல்ல வெளியே விடும் என்கிறார்கள். கார்லோ ரொவெல்லி அவர்களில் ஒருவர்.

மூன்றாவது ஓட்டைதான் கொடுமை. சோதித்துப் பார்க்க வழி இல்லை! சூரிய எடைக் கருந்துளையின் வெப்பநிலை 1 கெல்வினில் சுமார் 1.6 கோடியில் ஒரு பங்கு. பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலையோ 2.7 கெல்வின். ஆக, அந்தக் கருந்துளை இன்றைக்கு ஆவியாவதைவிட அதிகமாக விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பிரபஞ்சம் பிறந்தபோதே உருவான குட்டிக் கருந்துளைகள் இருந்தால், சுமார் 50 கோடி டன் எடையில் தொடங்கியவை இந்தக் காலத்தில் வெடித்து முடிய வேண்டும். தேடுகிறார்கள், இதுவரை சிக்கவில்லை. 2016-ல் இஸ்ரேலின் ஜெஃப் ஸ்டைன்ஹாவர், கடுங்குளிரில் வைத்த அணுக்களின் ஓட்டத்தில், ஒளிக்குப் பதிலாக ஒலி தப்ப முடியாத ஒரு 'ஒலிக் கருந்துளை'யை உருவாக்கி, ஹாக்கிங் கதிர்வீச்சின் சாயலைப் பார்த்ததாக அறிவித்தார். பிரமாதம்தான். ஆனால், அங்கே ஈர்ப்பு இல்லை. ஆகவே, தகவல் புதிருக்கு அதனால் விடை கிடைக்காது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி. 67 சைபர் வருஷத்துக்கு அப்புறம் நடக்கப்போகும் ஒன்றைப் பற்றி இப்போது ஏன் இவ்வளவு சண்டை?

சண்டை கருந்துளையைப் பற்றி மட்டும் இல்லை. நடந்தது நடந்ததுதான், அதை எதாலும் முழுசாகத் துடைத்துவிட முடியாது என்ற நம்பிக்கையைப் பற்றியது. பிரபஞ்சத்தில் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை தகவல் அழியலாம் என்று அனுமதித்தால், குவாண்டம் விதிகள் எல்லா இடத்திலும் ஆட்டம் காணும். உங்கள் செல்போனில் ஓடும் சிப் முதல், ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்வரை, நாம் நம்பி இயக்குவது அந்த விதிகளைத்தான். அழியாது என்றால், 'உள்ளே', 'வெளியே', 'இங்கே', 'அங்கே' என்று நாம் பேசும் இடம் என்ற விஷயமே அடிப்படையானது இல்லை என்றாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் பழைய நம்பிக்கை ஒன்றைப் பலி கொடுத்தே தீர வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிச்சீங்களா? சந்திரசேகர் 19, பெகன்ஸ்டைன் 25, மல்டசேனா 29. அல்மேரியும் பெனிங்டனும் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோதே புதிரின் போக்கை மாற்றியவர்கள். பெரிய டெலஸ்கோப்போ, கோடிக்கணக்கில் லேபோ அவர்களிடம் இல்லை. சார்பியல், குவாண்டம் புலக் கொள்கை இரண்டையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, 'இந்த ஸ்டெப் சரிதானா?' என்று கேட்டார்கள். சிறுசேரியும், தரமணி மேட்சயின்ஸும், பெங்களூரு ஐ.சி.டி.எஸ்-ஸும் பஸ், ரயில் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே இதே மாதிரிக் கேள்விகளோடு கரும்பலகை முன்னால் நிற்கிறவர்களும் ஒரு காலத்தில் உங்களை மாதிரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களாக இருக்கலாம்.

ஹாக்கிங்கின் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் தெரியும். ஆனால், முடிவு தப்பு என்று இன்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். அப்படியானால், நிஜமான கருந்துளையில், எந்த வரியில் தப்பு? எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அதைச் சுட்டிக்காட்டியவர் இன்னும் யாரும் இல்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.